டாக்டரம்மாவின் கொப்பி

அங்கொடை என்பது கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊர். எங்கள் தோட்டங்களில் அதை ஊர்ப் பெயராகச் சொல்பவர்கள் குறைவு. சண்டையில் ஏசுவதற்கும், அடம்பிடிக்கும் பிள்ளையைப் பயங்காட்டுவதற்கும்தான் அந்தச் சொல் வாயில் வரும். 1920களில் அங்கு கட்டப்பட்ட மனநோய் வைத்தியசாலைக்கு 2008ஆம் ஆண்டில் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். லயத்துப் பேச்சில் பெயர் இன்னும் மாறவில்லை. பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924இல். அந்த ரயிலில் ஏற்றி ஒரு பெண்ணைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டால், வீட்டார் போய்ப் பார்த்து வருவதற்கு இரண்டு நாள் வேலை போய்விடும். மாதம் ஒருமுறை போகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போவார்கள். பிறகு அதுவும் நின்றுவிடும்.

சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டில் வந்த மனநலக் கொள்கை, நோயாளி கொழும்புக்குப் போகாமல் சொந்த மாவட்டத்திலேயே வைத்தியம் பெற வேண்டும் என்றது. மாவட்ட வைத்தியசாலைகளில் கடுமையான நிலையில் வருபவர்களைச் சில வாரங்கள் வைத்துப் பார்க்கும் வாட்டுகள் வந்தன. ஊவாவில் அப்படியொரு வாட்டோடு சேர்ந்ததுதான் என் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லப் போவதில்லை. நோயாளிகளின் விவரங்களையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

நான் வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. பேராதனையில் சமூகவியல் படித்தவள். நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, குடும்பத்தாரோடு பேசுவது, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்குவது, சுகமாகி வீடு திரும்பியவர் மருந்தை விடாமல் எடுக்கிறாரா என்று கவனிப்பது, இவைதான் என் கடமை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் கடமைப் பட்டியலில் இல்லாத இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. மொழிபெயர்ப்பு.

மற்ற வாட்டுகளில் பாஷை தெரியாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். வயிறு வலித்தால் கையை வைத்துக் காட்டலாம், எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டும். மனநல வாட்டில் எக்ஸ்ரே கிடையாது. நோயாளி சொல்வதும், சொல்லும் விதமும், சொல்லாமல் விடுவதும்தான் வைத்தியருக்குக் கிடைக்கும் சான்று. அதைக் கேட்டு எழுதுகிறவருக்குப் பாதிதான் விளங்கினால் நோயும் பாதிதான் விளங்கும்.

சென்ற வருடம் ஐப்பசியில் ஓர் இளம் பெண் வைத்தியர் மூன்று மாதப் பயிற்சிக்காக எங்கள் வாட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகப் படிப்பையும், ஒரு வருட உள்ளகப் பயிற்சியையும் முடித்தவர். இங்கே பழகிவிட்டு ஒரு மாவட்டத்துக்கு மனநல வைத்திய அதிகாரியாகப் போக வேண்டியவர். வன்னிப் பிள்ளை. என்னை முதல் நாளே “அக்கா” என்றார். நோயாளிகளுக்கு அவர் டாக்டரம்மா.

தமிழ் பேசும் வைத்தியர் வந்துவிட்டார், இனி மொழிபெயர்ப்பு வேலை குறையும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நோயாளியின் துண்டைக் காட்டினார். பசறைப் பக்கத்துக் கொழுந்தெடுக்கும் பெண், நாற்பது வயதுக்கு மேல். “அக்கா, இவ தனக்குப் பேரே இல்லையெண்டு சொல்லுறா. ரெண்டு மாசமாப் பேர் இல்லையாம். கடுமையான மனச்சோர்வில தான் இல்லை, தன்ர உடம்பு இல்லை எண்டு ஆக்கள் நம்புறது உண்டு. அப்பிடியோ எண்டு யோசிக்கிறன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனமும் கனத்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோக் கொழுந்து எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப் பேர். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதமாகக் கை ஓடவில்லை, பேர் விழவில்லை. அவர் சொன்னது அவ்வளவுதான். விளங்கப்படுத்தினேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் “பேர்” என்று எழுதி, பக்கத்தில் பொருளையும் எழுதினார்.

அந்தக் கொப்பி அவரோடே திரிந்தது. “ஈரக்கொலை அத்துப்போச்சு” என்று ஒருத்தி சொன்னால் ஈரலில் நோய் என்று கொள்ளக்கூடாது, பெரும் பயம் என்று கொள்ள வேண்டும். “மேலுக்கு முடியல” என்றால் உடம்புக்குச் சுகமில்லை. மூன்று மாதத்தில் கொப்பியில் முக்கால்வாசி நிரம்பியது. சிங்களச் சிற்றூழியர் ஒருவர், எங்கள் ஆட்களோடு பழகியே தமிழ் படித்தவர், அவரும் தனக்குத் தெரிந்த சொற்களைச் சொல்லி எழுத வைத்தார். அவர் சொன்னவற்றில் பாதியை அச்சில் போட முடியாது.

அந்த வாட்டில் இளம் வைத்தியர்களுக்கு முதலில் படிப்பிக்கும் பாடம் மனநோயைப் பற்றியது அல்ல. மனநோய் என்று எழுதுவதற்கு முன் காய்ச்சல் பார், சீனி பார், தலையில் அடிபட்டதா பார், என்ன குடித்தார் கேள் என்பதுதான் அது. ஒரு மனிதரைக் கயிற்றால் கட்டி தோட்டத்து லொறியில் கொண்டுவந்தார்கள். சுவரில் பூச்சி ஓடுகிறது, போர்வையில் பாம்பு கிடக்கிறது என்று அலறினார். முனி அடித்துவிட்டது என்றார்கள் உறவினர்கள். டாக்டரம்மா கேட்டுக் கேட்டு எடுத்தார்: வருடக்கணக்கில் தினமும் கசிப்பு குடித்தவர், மாலை போட்டுக் குடியை ஒரேயடியாக நிறுத்தி அன்று மூன்றாம் நாள். குடிக்குப் பழகிய உடம்பு திடீரென்று குடி இல்லாமல் போனால் இரண்டு மூன்று நாளில் இப்படி நடுங்கிக் குழம்பும், கவனிக்காவிட்டால் உயிரும் போகும். நடுக்கத்துக்கு மருந்தும் வைட்டமின் ஊசியும் ஏற்றி நான்கைந்து நாளில் ஆள் தெளிந்துவிட்டார். குடியை விட நினைக்கும் கணவரோ மகனோ உங்கள் வீட்டில் இருந்தால், வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடச் சொல்லுங்கள்.

அடுத்தவள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். நான்கு இரவு தூக்கமில்லை, ஓயாத பேச்சு. ரோதைமுனி பிள்ளையைக் கேட்கிறது என்றாள். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெரிய சக்கரத்தை ரோதை என்பார்கள். அதற்கு ஒரு முனி காவல், வருடத்தில் ஒருநாள் பூசையும் உண்டு. வேறு மாகாணத்திலிருந்து வந்த ஒருவருக்கு அந்தப் பெயரே நோயின் அடையாளமாகப்படும். டாக்டரம்மாவின் கேள்வி வேறு விதமாக இருந்தது. “ரோதைமுனியை நீங்களும் கும்பிடுவீங்களா?” என்று மாமியாரிடம் கேட்டார். கும்பிடுவோம் என்றார் மாமியார். “அது பிள்ளையைக் கேக்கும் எண்டு நீங்களும் நம்புறீங்களா?” மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, அது நம்மளக் காக்கிற சாமி டாக்டரம்மா. அது எதுக்குப் புள்ளையக் கேக்குது?” அந்தப் பதிலில் விஷயம் விளங்கிவிட்டது. சாமி ஊருக்குப் பொது, சாமி பிள்ளையைக் கேட்பது மட்டும் இவளுடைய நோய்.

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இந்த நோய் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். வந்த வேகத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, ஆனால் உடனே வைத்தியம் செய்தால் பெரும்பாலானோர் பூரண சுகமடைகிறார்கள். இவளும் சுகமானாள். அடுத்த பிரசவத்திலும் வரக்கூடும் என்பதால், கருவுற்றதுமே மிட்வைபிடம் சொல்ல வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தோம். மாமியார் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நான் போனபோது எடுத்துக் காட்டினார்.

இனி நான் சொல்ல வேண்டியது இன்னொரு அம்மாவைப் பற்றி. வாசகியர் பலருக்கு இவரை முன்பே தெரிந்தது போலிருக்கும்.

ஆலியெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1983 ஜூலைக்குப் பிறகு பெற்றோரோடு வன்னிக்குப் போனார். 1977 கலவரத்துக்குப் பின்னரே மலையகக் குடும்பங்கள் பல அங்கே போய்க் குடியேறின. காந்தியம் இயக்கம் வவுனியாப் பக்கத்தில் காணி திருத்தி அவர்களை இருத்தியது. அந்த உறவுகளின் கையைப் பிடித்துக்கொண்டு இவர்களும் போனார்கள். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை. கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் 2009இல் காணாமல் போனான். முகாமிலிருந்து வெளியே வந்து, சில வருடம் அங்கும் இங்கும் இருந்துவிட்டு, கடைசியில் தம்பியின் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டார். ஒரு காம்பிரா, ஓர் இஸ்தோப்பு, ஏற்கெனவே ஆறு பேர்.

வாட்டுக்குக் கொண்டுவரும்போது ஐந்து நாளாகச் சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை. இரவுக் கடமையில் இருந்த வைத்தியர் தம்பியிடம் கேட்டு, சிங்களத்தில் தம்பி சொன்னதை வைத்துத் துண்டை எழுதினார். மகன் இறந்துவிட்டான், இவர் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறார், அது நோயினால் வந்த பொய் நம்பிக்கை என்று அதில் இருந்தது. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகளின் சோற்றைப் பங்கு வைத்து அக்காவைப் பார்த்தவர் அவர். செத்துவிட்டான் என்று அவர் மனதார நம்பினார், அதைத்தான் சொன்னார்.

ஐப்பசியில் ஊவாவில் பின்னேரமானால் இடி முழக்கம். மூன்றாம் நாள் முதல் இடி விழுந்ததும் அந்த அம்மா கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். தாதிமார் இழுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. டாக்டரம்மா எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். “அம்மா, இது மழை. இஞ்ச ஷெல் வராது” என்றார். பதில் இல்லை. அடுத்த இடி. “இதுவும் மழைதான்.” இப்படியே முக்கால் மணித்தியாலம். மழை விட்ட பிறகு கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு குரல் கேட்டது. “நீ எந்தப் பக்கத்துப் புள்ள?” எட்டு நாளில் அந்த அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான்.

டாக்டரம்மா ஊரின் பெயரைச் சொன்னார். அவர் எழுந்து வரும்போது கைகள் குளிர்ந்து போயிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு அக்கா” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள்களில் அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். பாதி வன்னிப் பேச்சு, பாதி தோட்டத்துப் பேச்சு. ஒரே வசனத்தில் “கதைக்கிறது” என்றும் சொல்வார், “பேசுறது” என்றும் சொல்வார். வாட்டில் அவரை முழுதாக விளங்கிக்கொள்ள எங்கள் இருவரில் ஒருவர் மட்டும் போதாது, இருவரும் வேண்டியிருந்தது. விஷயம் இதுதான்: மகன் பெயரில் மரணச் சான்றிதழ் எடுத்தால் ஏதோ உதவி கிடைக்கும், அதை வைத்து இஸ்தோப்பை அடைத்து அக்காவுக்கு ஓர் அறை எடுக்கலாம் என்று தம்பி படிவம் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அன்றிரவிலிருந்து மகனின் குரல் கேட்டதாம். சாப்பிடாதே அம்மா, நான் பசியோடு இருக்கிறேன் என்று சொன்னதாம்.

வாராந்தப் பார்வையில் பெரிய வைத்தியர் துண்டை வாசித்தார். அவர் சிங்களவர். ஓய்வுக்குக் கிட்டிய வயது, அதிகம் பேசாதவர். டாக்டரம்மா, பொய் நம்பிக்கை என்ற வரியை வெட்ட வேண்டும் என்றார். “இதை நீங்கள் வன்னிப் பிள்ளையாகச் சொல்கிறீர்களா, வைத்தியராகச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார் பெரியவர். ஏளனமாக அல்ல, பரீட்சையில் கேட்பது போலத்தான். ஆனால் வாட்டு முழுவதும் அமைதியாகிவிட்டது. கேள்வியைக் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா சற்று நேரம் எடுத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். மகன் இறந்ததற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை, ஆகவே உயிரோடு இருக்கலாம் என்பதைப் பொய் என்று எழுத நமக்கு வழியில்லை. அதே நம்பிக்கையோடு ஆயிரக்கணக்கான தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள், ஆகவே அது இவருக்கு மட்டும் உரியது அல்ல. மூன்றாவதாக, நோயினால் வரும் நம்பிக்கையில் சந்தேகத்துக்கு இடம் இராது. இவரோ, “இருந்தா வருவான், இல்லன்னா இல்லன்னு யாராச்சும் சொல்லட்டும்” என்கிறார். “மகன் இருக்கிறான் என்பது நோய் இல்லை. மகன் சாப்பிடாதே என்று சொல்லும் குரலும், ஐந்து நாள் பட்டினியும்தான் நோய். அதற்கு வைத்தியம் செய்வோம்” என்று முடித்தார்.

பெரியவர் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பிறகு, கடுமையான மனச்சோர்வு என்று அவரே எழுதினார்.

மருந்து மட்டும் போதவில்லை. உண்ணாமல் உயிருக்கு ஆபத்தான நிலை என்பதால், தம்பிக்கு விளக்கிச் சம்மதம் பெற்று மின்சிகிச்சை கொடுத்தார்கள். சினிமாப் படங்களில் காட்டுவதை நினைத்துப் பயப்படாதீர்கள். மயக்க மருந்து கொடுத்து, தசை தளர ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடிவது அது. சிறிது காலத்துக்கு ஞாபகமறதி இருக்கலாம். மூன்றாவது முறைக்குப் பிறகு அந்த அம்மா கஞ்சி குடித்தார். பிறகு சம்பல் கேட்டார். சம்பல் கேட்கத் தொடங்கிவிட்டால் எங்கள் வாட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

படிவத்தின் பொறுப்பு என்னுடையது. காணாமல் போனவர்களின் குடும்பத்தார் மரணச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றையும் பெறலாம். பதிவாளர் நாயகம் திணைக்களம் அதைக் கொடுக்கிறது. மரணச் சான்றிதழ் காட்ட வேண்டிய பல தேவைகளுக்கு இதைக் காட்டலாம். நான் இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர், “இப்படி ஒன்னு இருக்குதுங்களா மிஸ்? முன்னாடியே தெரிஞ்சிருந்தா அக்காவ இந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டனே” என்று அழுதுவிட்டார். அம்மா அந்தத் தாளை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். செத்துப் போனார் என்ற சொல் அதில் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பெயரை எழுதினார்.

கட்டிலடிச் சம்பவத்துக்குப் பிறகு பெரிய வைத்தியர் இன்னொரு காரியம் செய்தார். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணித்தியாலம் டாக்டரம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நோயாளிகளைப் பற்றி அல்ல, கேட்டதையெல்லாம் எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கிறாய் என்பதைப் பற்றி. வைத்தியர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், யுத்தம் மக்களின் மனதுக்குச் செய்ததைப் பற்றி 1998இலேயே ஒரு நூல் எழுதினார். அவர் போன்றவர்களும் அந்த மக்களோடு அந்த யுத்தத்துக்குள்ளேயே இருந்து வேலை செய்தவர்கள்தான். அவர்கள் யாரிடம் பேசினார்கள் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். நம் மத்தியிலும் பிறர் துயரத்தைக் கேட்கும் தொண்டுப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். மருந்து குடித்துப் பிழைத்துவரும் பெண்பிள்ளைகள் வாட்டுக்கு வந்ததும் கேட்பது, “போலீஸ் புடிக்குமா?” என்றுதான். பிடிக்காது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். மிகக் கொடிய பூச்சிகொல்லிகளையும் களைகொல்லிகளையும் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கைக்கெட்டும் இடத்தில் போத்தல் இல்லாததே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. மனம் தாங்காத வேளையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம்.

மாதாந்தக் கிளினிக்குக்கு ஆள் வராமல் போவதுதான் எங்களுக்குத் தீராத தலையிடி. மருந்து இலவசம், ஆனால் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனால் ஒரு பேர் போய்விடும். டாக்டரம்மா இதைக் கொப்பியில் பார்த்துக்கொண்டே ஒருநாள், சம்பளம் பத்தாந் திகதி என்றால் ஒன்பதாந் திகதி கிளினிக் வைத்தால் பஸ்ஸுக்குக் காசு எப்படி வரும் என்று கேட்டார். இத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்வி. தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் திகதியைத் தள்ளிப் போட்டோம். வரவு கொஞ்சம் கூடியது. அடைமழை மாதத்தில் மறுபடி குறைந்தது.

தை மாதம் அவர் பயிற்சி முடிந்து போனார். வடக்கில் வேலை கிடைத்தது. அந்த அம்மா இப்போது மாதம் ஒருமுறை தம்பி மகளோடு கிளினிக்குக்கு வருகிறார். இஸ்தோப்பு அடைத்தாகிவிட்டது. இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போவதில்லையாம், கட்டிலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாராம். மகனைப் பற்றிக் கேட்டால், “தெரியல” என்கிறார்.

போன மாதம் டாக்டரம்மா தொலைபேசியில் பேசினார். கிளிநொச்சிப் பக்கத்தில் வயதான ஓர் அம்மா, மலையகத்திலிருந்து போய் நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டதாம், கைக்காசு கைக்காசு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பக்கத்திலிருப்பவர்களுக்கு விளங்கவில்லை. “கைக்காசு எண்டால் என்ன அக்கா?” என்று கேட்டார். லீவு நாளில் கொழுந்தெடுத்தால் செக்ரோலில் ஏற்றாமல் அன்றைக்கே கையில் கொடுக்கும் காசு என்று சொன்னேன். பொறுங்கோ என்றார். கொப்பியின் தாள் புரளும் சத்தம் கேட்டது.